வந்தியின் பங்குக் கரை

மதுரையில் ஆவணி மூலத் திருவிழா நடைபெறும் நாள்களில், பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை நினைந்து உருகாத அடியார் இல்லை. வைகையில் வெள்ளம் பெருக்கெடுத்து வருகிறது. கரையை உயர்த்த வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். கரையை அளந்து, இன்ன குடும்பத்துக்கு இன்ன பங்கு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தாயிற்று. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் மூதாட்டிக்கு மட்டும் அனுப்புவதற்கு யாரும் இல்லை. அந்தப் பங்குதான் அடைபடாமல் கிடக்கிறது. உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்றுக்கொண்டு, சொக்கநாதரே கூலியாளாக வந்து நிற்கிறார்.

இறைவனின் எளிமையைச் சொல்லும் இந்த வரலாற்றில், ஊர் நடத்தும் முறை ஒன்றும் அடங்கியிருக்கிறது. கரை அளக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடமை குறிக்கப்பட்டது. அத்தனை ஏற்பாட்டிலும் விடுபட்டுப் போனது ஒரே ஒரு வீடு. அது தனித்து வாழ்ந்த முதியவளின் வீடு. இன்றைக்கும் பேரிடர் வரும்போது முதலில் விடுபட்டுப் போவது அந்த வீடுதான். பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, முதிய தம்பதியர் மட்டும் விளக்கேற்றி வாழும் வீடுகள் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

முட்டம் கடலோரம்

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைகளும் செம்மண் மேடுகளும் கொண்ட ஊர் முட்டம். 1875-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் அந்த மேட்டின்மீது இன்றும் நிற்கிறது. மேற்கே சிறிது தொலைவில் வள்ளியாறு கடலோடு கலக்கும் கடியப்பட்டணம். அதையும் தாண்டினால் மணவாளக்குறிச்சி. அப்பால் மாசிக் கொடையின்போது பெண்கள் இருமுடி சுமந்து வந்து வழிபடும் மண்டைக்காடு பகவதி அம்மன் சந்நிதி. முட்டத்தின் கரையோரத்தில் மீனவக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுதி; சற்று உள்ளே தோப்பும் வயலுமாக இந்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. கடல் பொங்கும்போது அது யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளம் உடையது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இங்கே பொழிகின்றன. நாஞ்சில் நாட்டின் செழிப்புக்கு அதுவே காரணம். அதன் அச்சத்துக்கும் அதுவே காரணம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து கிளம்பிய ஆழிப்பேரலை தமிழகக் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இலங்கையைச் சுற்றி வளைந்து, மேற்குக் கரையில் இருக்கும் குளச்சலையும் அது தாக்கியது. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. இம்மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 பேரும், தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேரும் உயிரிழந்தனர். இரண்டு மணி நேரம் இருந்தும், அதைப் பயன்படுத்திக்கொள்ளப் பெரும்பாலோருக்குச் செய்தி வந்து சேரவில்லை என்பதே அந்நாளின் பெருந்துயரம்.

2017 நவம்பர் 30-ஆம் நாள் வந்தது ஒக்கிப் புயல். குமரிக் கடலில் மிக விரைவாக வலுப்பெற்ற அந்தப் புயலில், ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலர் சிக்கிக்கொண்டனர். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம் ஆண்மக்களை இழந்தன. நிலத்திலோ வாழையும் ரப்பரும் முறிந்து விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2-ஆம் நாள், திருக்கார்த்திகை. மாவட்டத்தின் பல ஊர்களில் அன்று மின்விளக்கு இல்லை; அகல்விளக்கு மட்டுமே எரிந்தது.

இவை இரண்டும் எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். தென்னிந்தியப் பெருங்கடலின் தொலைவில் எங்கோ எழும் சூறாவளியால் உருவாகும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்கே காற்று இராது, வானம் தெளிந்திருக்கும். கள்ளனைப் போல் கடல் ஓசையின்றி ஏறிவிடும். 2024 மே 6-ஆம் நாள், முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரம் கடற்கரையில் கால் நனைக்க இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐவர் இவ்வாறே உயிரிழந்தனர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் கடலில் நீராடும் குடும்பங்கள், கடல் எச்சரிக்கை உள்ள நாளா என்று கேட்டறிந்த பின்னரே இறங்க வேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் கரையில் நின்று தலையில் நீர் தெளித்துக்கொண்டாலும் தர்ப்பணத்தின் பலன் குறைந்துவிடாது.

பாட்டிமார் காத்த தீவு

சுமத்ராவுக்கு அருகே சிமலு என்றொரு தீவு இருக்கிறது. 2004-இல் நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் இருந்த தீவுகளுள் அதுவும் ஒன்று. அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். ஆழிப்பேரலையில் இறந்தவர்களோ ஏழே பேர். அங்கே கருவிகளும் இல்லை, அபாயச் சங்கும் இல்லை. 1907-ஆம் ஆண்டு அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. அதைக் கண்டவர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வைத்தார்கள். நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால், ஒன்றையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். ‘ஸ்மோங்’ என்னும் ஒரே சொல்லில் அந்த எச்சரிக்கை முழுவதும் அடங்கியிருந்தது. யாரோ ஒருவர் அச்சொல்லைக் கூவினார். தீவு முழுவதும் மலையேறியது.

ஜப்பானில் அனெயோஷி என்னும் சிற்றூரில், இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர் என்று முன்னோர் பொறித்து வைத்த கல் ஒன்று நிற்கிறது. 2011 மார்ச் 11-ஆம் நாள் எழுந்த பேரலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கல்லின் சொல் கேட்டு மேலே கட்டப்பட்ட வீடுகள் தப்பின. அதே நாளில் ஜப்பானின் பிற ஊர்களில் இறந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

முதியவர்களுக்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. பேரிடரில் மிகுதியாக இழப்புக்கு உள்ளாகிறவர்கள் அவர்கள். ஊரைக் காக்கும் நினைவைச் சுமப்பவர்களும் அவர்களே. 2004-இல் கடல் எந்தத் தெரு வரை வந்தது, ஒக்கியின்போது எந்த ஓடை உடைத்துக்கொண்டது, மழைவெள்ளம் எந்தக் கோயிலின் எத்தனையாவது படியில் நின்றது என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. 2004-இல் பிறந்த குழந்தைகள் இன்று இளைஞர்கள். அவர்களுக்கு அது கேள்விப்பட்ட கதைகூட இல்லை. துருவன் கதையும் பிரகலாதன் கதையும் சொல்லும் வாயால் இதையும் சொல்லிவைப்பது தாத்தா பாட்டியரின் கடமை.

செய்தி வந்து சேரும் வழி

புதுச்சேரிக்கு அருகில் உள்ள நல்லவாடு மீனவர் கிராமத்தில் 2004-இல் நடந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், பேரலை பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. செய்தி உடனே அதில் ஒலித்தது. ஊரே வெளியேறி உயிர் பிழைத்தது. அயல்நாட்டிலிருந்து பிள்ளை அழைத்துச் சொன்ன சொல்லை வீட்டார் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஊருக்குக் கொடுத்ததுதான் அங்கே உயிர் காத்தது.

இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கள்ளக்கடலுக்கும் அங்கிருந்தே முன்னறிவிப்பு வருகிறது. வானிலை ஆய்வு மையம் நிறங்களால் எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108. இந்த நான்கு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் பஞ்சாங்கம் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைத்தால், கண்ணாடி தேடும் நேரம் மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் நிற்கும்போது நிலம் வலுவாக நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கிப் பாறைகள் வெளிப்பட்டாலோ, எந்த அறிவிப்புக்கும் காத்திருக்கலாகாது. அதுவே அறிவிப்பு. முதல் அலை வடிந்த பின்னர் வீடு பார்க்கத் திரும்புவதும் கூடாது. அடுத்தடுத்த அலைகள் முதல் அலையைவிடப் பெரிதாக வரக்கூடும்.

பூசை அறையை விட்டு வருவது எப்படி?

எச்சரிக்கை வந்து இளைஞர்கள் கதவைத் தட்டும்போது, முதியவர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றே. “அம்பது வருசமா ஒரு நாளும் விளக்கு வைக்காம இருந்ததில்ல மக்களே. அம்மன் பாத்துக்கிடுவா. நீங்க போங்க.”

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் பக்தியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், அந்த ஒரு சொல்லால் அழைக்க வந்த இளைஞனும் வெளியேறாமல் அங்கேயே நிற்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டியை விட்டுவிட்டுப் பேரன் போகமாட்டான். பேரனை விட்டுவிட்டு அவன் தாய் போகமாட்டாள். ஒருவர் தங்கினால் ஒரு குடும்பமே தங்கிவிடும்.

இருப்பிடத்தை விட்டு நீங்குவது தெய்வக் குற்றம் ஆகாது என்பதற்குத் திருவரங்கத்து நம்பெருமாளே சான்று. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது, முதுமையில் தளர்ந்திருந்த பிள்ளை லோகாசாரியார் உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்துகொண்டு அரங்கத்தை விட்டு வெளியேறினார். பெருமாள் மதுரைப் பக்கமும் மலைநாடும் திருமலையும் கடந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் 1371-இல் தம் சந்நிதிக்குத் திரும்பினார் என்பது வரலாறு. பெருமாளே இடம் பெயர்ந்து காத்திருந்து திரும்பி வந்திருக்கிறார். குடமுழுக்குத் திருப்பணியின்போது பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வதும் ஆகமம் கூறும் வழியே. வீட்டுப் பூசையில் உள்ள சிறு விக்கிரகத்தையோ படத்தையோ ஒரு பட்டுத் துணியில் பொதிந்து உடன் எடுத்துச் செல்லலாம். மண்டபத்தில் ஒரு மூலையில் அன்று மாலை அதே விளக்கு எரியும்.

வீட்டை விட்டுப் புறப்படும்போது விளக்கை மலையேற்றி, எரிவாயு உருளையை மூடி, மின் இணைப்பின் முதன்மைச் சுவிட்சை அணைத்து வருவது இன்றியமையாதது.

ஒரு பையில் ஒரு குடும்பம்

தீர்த்த யாத்திரை செல்லும் முதியவர்களுக்குப் பை கட்டுவது எப்படி என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பைதான் இதுவும். ஆனால், யாத்திரைக்கு நாள் குறித்துக் கட்டுவார்கள். இதை நாள் குறிக்காமலே கட்டி வைக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கான மருந்துகள், மருத்துவர் எழுதிய சீட்டின் நகல், மாற்று மூக்குக் கண்ணாடி, காதுக் கருவிக்கான பேட்டரி, டார்ச் விளக்கு, செல்பேசியின் சார்ஜர், சிறு வானொலி, அவல், பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு மாற்றுடை, போர்வை, சிறு நோட்டுகளாகச் சிறிது ரொக்கம். மின்சாரம் இல்லாத நாளில் ஏடிஎம் இயங்காது. செல்பேசிப் பணப்பரிமாற்றமும் நின்றுபோகும். பிள்ளைகளின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். செல்பேசியின் மின்சாரம் தீர்ந்த பிறகு அதிலுள்ள எண்ணால் யாதொரு பயனும் இல்லை.

ஒக்கியின்போது பல வீடுகளில் கிணறு நிறைய நீர் இருந்தும் மின்மோட்டார் ஓடாமையால் தவித்தார்கள். கப்பியும் கயிறும் வாளியும் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்கள் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

ஆவணங்கள் தனி உறை ஒன்றில், நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இருக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்குப் புத்தகம், வைப்புத்தொகை ரசீது, நிலப் பத்திரத்தின் நகல், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் படங்களைத் தொலைவிலுள்ள பிள்ளையின் செல்பேசிக்கும் அனுப்பிவைப்பது நல்லது. வீடு இழந்தவர் தாம் யார் என்பதை மெய்ப்பிக்க முடியாமல் அலுவலக வாசலில் நிற்பது, இழப்பின்மேல் வரும் இழப்பு.

வங்கி தொடர்பாகச் சில செய்திகளை முதியவர்கள் அறிந்திருப்பது நலம். ஒவ்வொரு கணக்குக்கும் நியமனதாரர் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கு ஒன்றுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்த நகை குறித்து ஒரு தவறான எண்ணம் பலரிடம் உண்டு. தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் இழப்புக்கு வங்கி பொறுப்பேற்பதில்லை. ஆகவே, பெட்டகத்தினுள்ளும் நகையையும் பத்திரத்தையும் நீர் புகாத உறையில் இட்டு வைப்பதே அறிவுடைமை.

பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் 70 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இயற்கைச் சீற்றத்தில் நேரும் விபத்து மரணமும் இதில் அடங்கும். வீட்டுக்கு ‘பாரத் கிருக ரக்ஷா’ என்னும் பொதுவான காப்பீடு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தீயுடன் புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றையும் அது உள்ளடக்கியது.

கோயில் செய்யக்கூடியது

2023 டிசம்பர் 17-ஆம் நாள் இரவு, திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்துவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்ட பக்தர்கள் பலர் பயணம் செய்த செந்தூர் விரைவு ரயில், பெருவெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள். அந்நேரம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. சாலையும் தண்டவாளமும் அறுபட்ட நிலையில், அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து, ஊர்க் கோயிலில் உலை வைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். அவர்கள் வீடுகளும் மழையில் நனைந்துகொண்டுதான் இருந்தன.

கோயில் என்பது மேட்டில் கட்டப்பட்ட கற்கட்டடம். அங்கே மண்டபம் உண்டு, கிணறு உண்டு, பெரிய அண்டாவும் அடுப்பும் உண்டு, மணியும் ஒலிபெருக்கியும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செல்வம் ஒன்று ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவின் பெட்டிக்குள் இருக்கிறது. அது தலைக்கட்டு வரி நோட்டு. எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், தலைவர் யார் என்பது அரசு அலுவலகத்தைக் காட்டிலும் துல்லியமாக அதில் எழுதப்பட்டிருக்கும். கொடைக்கு வரி பிரிக்க எழுதிய அந்த நோட்டில் இன்னும் நான்கு வரி சேர்த்தால் போதும். இந்த வீட்டில் நடக்க இயலாதவர் யார்? தனித்து வாழ்பவர் யார்? அன்றாடம் ஊசியோ மருந்தோ தேவைப்படுபவர் யார்? அவரை அழைத்துவரும் பொறுப்பு எந்த வீட்டு இளைஞருடையது?

கடைசிக் கேள்விக்கு எதிரே ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால், எவரும் பார்க்காத வீடு ஒன்று மிஞ்சும். எழுதப்பட்ட பெயருக்கு உரியவர் ஊரில் இல்லாத நாளுக்கு இரண்டாவது பெயரும் வேண்டும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும், ஆண்டுக்கு இருமுறை இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மணியடித்து, குறித்த இளைஞர்கள் குறித்த முதியவர்களைக் கோயில் மண்டபம் வரை அழைத்துவந்து பார்க்கலாம். வந்தவர்களுக்குச் சுண்டல் பிரசாதம் கொடுத்தனுப்பினால், அது ஒரு விழாவாகவே அமைந்துவிடும். எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தப் படியில் சாய்தளம் தேவை என்பதும் தெரிந்துவிடும்.

அருகிலுள்ள மீனவக் குடும்பங்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018-ஆம் ஆண்டு கேரளப் பெருவெள்ளத்தில், தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து, சாதி மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோரைக் காத்தவர்கள் மீனவர்களே. கடலின் குணத்தை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. கடற்கரைக்கு மேடான மண்டபம் தேவை. உள்நாட்டுக்குப் படகும் கடலறிவும் தேவை. பேரிடருக்கு முன்பே கைகோத்தவர்களுக்கு, பேரிடர் நாளில் ஒருவரை ஒருவர் தேட வேண்டியதிராது.

பிரம்படி யார் முதுகில்?

பிட்டுக்கு மண் சுமந்த வரலாற்றின் முடிவை அடியார்கள் அறிவார்கள். வந்தியின் பங்கு அடைபடவில்லை என்று அறிந்த பாண்டியன், கூலியாளைப் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகில் விழுந்தது. அரசி முதுகில் விழுந்தது. அமைச்சர் முதல் கரையில் நின்ற ஒவ்வொருவர் முதுகிலும் விழுந்தது. தங்கள் பங்கைச் செவ்வனே அடைத்து முடித்தவர்களும் அந்த அடிக்குத் தப்பவில்லை.

ஒரு கரையில் ஒரு முழம் திறந்திருந்தால், வெள்ளம் அந்த ஒரு முழத்தின் வழியாக ஊர் முழுவதற்கும் வரும். தம் வீட்டை உயர்த்திக் கட்டிய செல்வரும், பை கட்டி வைத்த அறிவாளியும், அடுத்த வீட்டு மூதாட்டியின் பெயர் எந்த நோட்டிலும் இல்லாதவரை பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிவிட முடியாது. அன்று வந்தியின் பங்கை அடைக்க ஆலவாய் அண்ணலே இறங்கி வந்தார். ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்ள ஓர் இளைஞன் முன்வந்தால், அவனுடைய உருவில் வருபவர் யார் என்பதை அடியார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மண்டைக்காட்டு அம்மன் கடலைக் கட்டுக்குள் வைப்பாளாக. கடலோரக் குடும்பங்களுக்கு ஆயத்தமாகும் அறிவையும் அருள்வாளாக.